அரண்மனைக்குப் பக்கத்து ஊர்

1957 நவம்பர் 8 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், வாஷிங்டனிலிருந்து சுமார் 25 மைல் வடமேற்கே இருந்த ஜெர்மன்டவுன் என்ற ஊரில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகளும் சோளக் கொல்லைகளும். கட்டடம் அணுசக்தி ஆணையத்துக்கானது. ரஷ்யாவின் ஸ்புட்னிக் மேலே போய் ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. நாட்டின் பாதுகாப்புக்கும் அறிவியலுக்கும் உள்ள தொடர்பு பற்றி, முந்தின நாள் இரவுதான் ஐசனோவர் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசியிருந்தார்.

தலைநகரில் வசதியான கட்டடத்தில் இருந்த ஆணையம் எதற்காகப் பட்டிக்காட்டுக்கு வர வேண்டும்? வாஷிங்டன்மீது குண்டு விழுந்தால் எத்தனை மைல் தள்ளி இருந்தால் பிழைக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள். 1949இல் சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததிலிருந்தே, அரசு அலுவலகங்களை நகரத்துக்கு வெளியே சிதறடித்து வைக்க வேண்டும் என்ற பேச்சு இருந்தது. அந்தக் கணக்கில் விழுந்த புள்ளிதான் ஜெர்மன்டவுன்.

இதில் ஒரு வேடிக்கை. கட்டடம் எழும்புவதற்கு முன்பே கணக்கு காலாவதியாகிவிட்டது. 1954இல் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் கதிரியக்கச் சாம்பல் நூறு மைலுக்கும் அப்பால் போய் விழுந்தது. 25 மைலெல்லாம் எந்த மூலைக்கு? ஆனாலும் கட்டடம் நின்றது, அதற்காகப் போட்ட சாலையும் நின்றது. பயம் போய்விட்டது, வேலைகள் மட்டும் தங்கிவிட்டன.

அந்த ஊர் இருக்கும் இடம் மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கமரி கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கலெக்டர் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் கவுன்சிலும் உண்டு, சொந்தமாக வரி போடும் அதிகாரமும் உண்டு. பரப்பளவில் சென்னை மாநகராட்சியைப் போல மூன்று மடங்கு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10,62,061. பத்து லட்சம் பேர் வாழும் இந்த ஊருக்கு ஒரே முதலாளி என்று சொல்ல முடியாது. ஆனால், எந்த முதலாளியின் கதையைத் தோண்டினாலும் அடியில் அமெரிக்க மத்திய அரசு உட்கார்ந்திருக்கும். 2025க்கு முன்பு மத்திய அரசின் நேரடிச் சம்பளப் பட்டியலில் இங்கே இருந்த வேலைகள் மட்டும் ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தன. கவுண்டியின் மொத்த வேலைகளில் அது கிட்டத்தட்ட பத்தில் ஒன்று. ஒப்பந்த கம்பெனிகள், அரசு ஆய்விலிருந்து பிறந்த மருந்து கம்பெனிகள், அவர்களுக்கெல்லாம் வீடு விற்கிறவர்கள், பல் பிடுங்குகிறவர்கள், பீட்சா சுடுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும்.

'அரைக்காசு உத்தியோகம்னாலும் அரண்மனை உத்தியோகம்' என்று நம் தாத்தாக்கள் சொல்வார்கள். ஒரு முழு ஊரே அந்தப் பழமொழியை நம்பி எண்பது, தொண்ணூறு வருஷம் வாழ்ந்தால் என்ன ஆகும்? மாண்ட்கமரியின் கதை அதுதான். 2025க்குப் பிறகு அந்தக் கதையை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1776இல், அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த அதே வருஷம், பிரடெரிக் கவுண்டியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது மாண்ட்கமரி. கொஞ்ச காலத்திலேயே புதிய தலைநகரம் அமைக்க நிலம் தேவைப்பட்டபோது, கவுண்டியின் சிறந்த துறைமுகமான ஜார்ஜ்டவுனை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஆக, இந்த உறவு ஊரின் மிக நல்ல சொத்தைத் தலைநகருக்குத் தாரை வார்த்ததில்தான் தொடங்குகிறது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. புகையிலை, அப்புறம் கோதுமை, அப்புறம் பால். உள்நாட்டுப் போர் வரைக்கும் அடிமைகளின் உழைப்பு.

1873இல் ரயில் வந்தது. பத்து ஆண்டு கழித்து 1883இல் இரண்டு காரியங்கள் நடந்தன. அரசு வேலைக்கு ஆளும் கட்சியின் சிபாரிசு போதும் என்ற நிலையை மாற்றி, பதவிகளில் ஒரு பகுதிக்குத் தேர்வு வைக்கும் பெண்டில்டன் சட்டம் நிறைவேறியது. அதே வருஷம் கில்பர்ட் என்ற மனை வியாபாரி ரயில் பாதையை ஒட்டி நிலம் வாங்கி டகோமா பார்க் என்ற புறநகரை ஆரம்பித்தார். ஒன்றுக்கொன்று நேரடித் தொடர்பு இருப்பதாக யாரும் திட்டமிடவில்லை. ஆனால் ஒன்றில்லாமல் மற்றொன்று வளர்ந்திருக்க முடியாது. தேர்தலில் கட்சி மாறினால் வேலை போய்விடும் என்றால், எந்த குமாஸ்தா கடன் வாங்கி வீடு கட்டுவான்? புறநகர் என்ற பொருளாதாரமே நாளைக்கும் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

1890இல் நெவாடா மாநில அரசியல்வாதி பிரான்சிஸ் நியூலேண்ட்ஸ் செவி சேஸ் என்ற இன்னொரு குடியிருப்பைத் தொடங்கினார். தானே டிராம் வண்டிப் பாதை போட்டார். வீட்டுக்குக் குறைந்தபட்ச மதிப்பு நிர்ணயித்தார். முக்கியமாக, குடியிருப்புக்குள் கடை கண்ணி, தொழில் எதுவும் வரக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார். வசதி குறைந்தவர்களையும் கறுப்பின மக்களையும் வெளியே நிறுத்தும் ஏற்பாடும் அதற்குள் இருந்தது. ஊரின் ஆதி குணம் இங்கேதான் படிந்தது என்று நினைக்கிறேன். இது தூங்குவதற்கான ஊர். வேலை என்பது டிராம் வண்டியின் மறுமுனையில் இருக்கும் ஒன்று.

அந்த மறுமுனையை இந்தப் பக்கம் இழுத்து வந்தவர் ரூஸ்வெல்ட். 1930களில் லூக் வில்சன், ஹெலன் வில்சன் என்ற செல்வந்தத் தம்பதி பெத்தெஸ்டாவில் இருந்த தங்கள் எஸ்டேட்டில் ஒரு பகுதியை அரசுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 1935இல் முதலில் 45 ஏக்கர், பிறகு இன்னும் கொஞ்சம். அங்கேதான் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச் குடியேறியது. 1940 அக்டோபர் 31இல், தேர்தலுக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, ரூஸ்வெல்ட் வந்து அந்த வளாகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். சாலைக்கு எதிர்ப்புறம் கடற்படை மருத்துவமனை. அதற்கான இடத்தை ரூஸ்வெல்ட் 1938இல் தானே நேரில் வந்து தேர்ந்தெடுத்தார். நெப்ராஸ்கா சட்டமன்றக் கட்டடத்தின் கோபுரம் மாதிரி வேண்டும் என்று தன் கையாலேயே படம் வரைந்தும் கொடுத்தார். ஒரு ஜனாதிபதி காகிதத்தில் கிறுக்கியது ஒரு ஊரின் தலையெழுத்தானது. கோபுரம் இன்றும் நிற்கிறது.

மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள்: 1930இல் 49,206. 1940இல் 83,912. 1950இல் 1,64,401. 1960இல் 3,40,928. முப்பது வருஷத்தில் ஏழு மடங்கு. முதலில் ரூஸ்வெல்டின் புதிய திட்டங்களுக்கான அலுவலர்கள், பிறகு உலகப் போர், பிறகு பனிப்போர். நாட்டுக்கு எப்போதெல்லாம் நெருக்கடி வந்ததோ அப்போதெல்லாம் மாண்ட்கமரி வளர்ந்தது. மற்ற ஊர்கள் பொருளாதார மந்தத்தில் கடையைச் சாத்தும்போது இங்கே புதுக் கடை திறப்பார்கள்.

ஜெர்மன்டவுனுக்கு அணுசக்தி ஆணையம் வந்ததைத் தொடர்ந்து, எடை, அளவு, நிறை எல்லாவற்றுக்கும் தரம் நிர்ணயிக்கும் தேசிய ஆய்வகம் 1966இல் வாஷிங்டனிலிருந்து கெய்தர்ஸ்பர்குக்கு மாறியது. ஐ.பி.எம் தன் அரசுப் பணிப் பிரிவை அங்கே வைத்தது. வாஷிங்டனிலிருந்து பிரடெரிக் போகும் நெடுஞ்சாலை, இன்று ஐ-270 என்று அழைக்கப்படுவது, கண்ணாடிக் கட்டடங்களால் நிரம்பத் தொடங்கியது. 1964இல் தலைநகரைச் சுற்றிய வட்டச்சாலை முடிந்தது. அரசு எங்கே வேலி போட்டதோ அங்கே வேலை முளைத்தது.

இனி வரும் பகுதி கொஞ்சம் வறட்சியான வரி விவகாரம். ஆனால் இந்த ஊரின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேரிலாந்தில் கவுண்டிகள் தங்கள் குடிமக்களின் வருமானத்தில் வரி போடலாம். 1967இலிருந்து இந்த ஏற்பாடு. மாண்ட்கமரியின் விகிதம் நெடுங்காலம் 3.2 சதவீதம். அதாவது வரிக்கு உட்பட்ட வருமானம் ஒரு லட்சம் டாலர் என்றால் 3,200 டாலர் கவுண்டிக்கு. வேலை எங்கே பார்க்கிறீர்கள் என்பது பொருட்டில்லை, வீடு எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. இன்னொரு பக்கம், வாஷிங்டன் நகரத்துக்குச் சுயாட்சி கொடுத்த 1973ஆம் ஆண்டின் சட்டம், வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களின் வருமானத்தில் நகரம் வரி போடக் கூடாது என்று தடுத்தது. ஆக, காலையில் வாஷிங்டனுக்குப் போய் நிதியமைச்சகத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பெத்தெஸ்டா திரும்புகிறவரின் சம்பளத்தில் வாஷிங்டனுக்குச் சல்லிக்காசு கிடையாது. மாண்ட்கமரிக்கு முழுப் பங்கு.

இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் ஊர் என்ன செய்யும்? நல்ல சம்பளக்காரர்கள் விரும்பும் ஊராகத் தன்னை வைத்துக்கொள்ளும். நல்ல பள்ளி, நல்ல பூங்கா, நல்ல நூலகம். கம்பெனி வந்தால் நல்லதுதான், வராவிட்டாலும் குடி முழுகாது.

போட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டிக்கு இந்த சொகுசு கிடையாது. அங்கே கவுண்டிகள் வருமான வரி போட முடியாது, சொத்து வரிதான். வீட்டுக்காரர்களின் வரியைக் குறைக்க வேண்டுமானால் அலுவலகக் கட்டடங்கள் வேண்டும். அதனால் ஃபேர்ஃபேக்ஸ் பசியோடு இருந்தது. டைசன்ஸ் என்ற வெறும் நாற்சந்தி, ராணுவ ஒப்பந்த கம்பெனிகளின் கோட்டையானது. இரண்டு ஊரும் அரசை நம்பியவைதான். ஒன்று அரசின் சம்பளத்தை நம்பியது, இன்னொன்று அரசின் டெண்டரை.

சம்பளத்தை நம்பிய ஊரை சோம்பேறி என்று சொல்லிவிடலாம், பலர் சொல்லவும் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாதம் முதல் தேதி சம்பளம் நிச்சயம் என்று தெரிந்த குடும்பம் எப்படிப் பொறுமையாக யோசித்துச் செலவு செய்யுமோ, அப்படிச் சில காரியங்களை மாண்ட்கமரி செய்தது. பணத்தை மட்டும் துரத்திய ஊர்கள் அவற்றைச் செய்ததில்லை. 1974இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 50 வீடுகளுக்கு மேல் கட்டுகிறவர் அதில் 15 சதவீதத்தை நடுத்தர, குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அனுமதித்ததைவிடக் கொஞ்சம் அதிக வீடுகள் கட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இந்த வகைச் சட்டங்களுக்கு இதுவே முன்னோடி.

1980இல் செய்தது இன்னும் துணிச்சலான காரியம். கவுண்டியின் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 93,000 ஏக்கர், விவசாயத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்றார்கள். அதற்கு முன்பு 5 ஏக்கருக்கு ஒன்று. விவசாயி சும்மா இருப்பாரா? நிலத்தின் மதிப்பு ஒரே நாளில் சரிந்துவிடுமே. அதற்கும் வழி வைத்தார்கள். ஒவ்வொரு 5 ஏக்கருக்கும் ஒரு 'கட்டும் உரிமை' விவசாயியிடம் இருக்கும். அதைத் தன் நிலத்தில் பயன்படுத்த முடியாது. ஆனால் வேறு இடத்தில் அடுக்குமாடி கட்டும் பில்டரிடம் விற்கலாம். உரிமை போகும், நிலம் இருக்கும், பணமும் வரும். வீட்டு மனைகள் ஏரிகளைத் தின்று முடித்ததைப் பார்த்த நமக்கு இது ஒரு தேவதைக் கதை மாதிரி இருக்கலாம். இன்றைக்கும் ராக்வில்லைத் தாண்டி மேற்கே போனால் சட்டென்று ஊர் அறுந்து வயல் தொடங்கும் இடம் உண்டு. அந்தக் கோட்டைப் போட முடிந்ததற்கு ஒரு காரணம், அந்த நிலத்தை விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் ஊர் இல்லை என்பதுதான்.

இனி அறிவியல் பக்கம். 1961 மே மாதம் என்.ஐ.எச் வளாகத்தில் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிஷ் மத்தையும் செய்த பரிசோதனையில் மரபணு மொழியின் முதல் சொல் படிக்கப்பட்டது. 1968இல் நிரன்பர்க்குக்கு நோபல் கிடைத்தது. உடன் பகிர்ந்தவர்களில் ஒருவர் நம் ஹர் கோவிந்த் கொரானா. அந்தத் துறை காசாகும் காலம் வந்தபோது, முதல் வரிசையில் மாண்ட்கமரி நின்றது. 1992இல் என்.ஐ.எச் விஞ்ஞானி கிரெய்க் வென்டர் வேலையை விட்டு வெளியேறி, அருகிலேயே ஒரு மரபணு ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். சுதந்திரமாக வாழும் ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுதி முதன்முதலில் 1995இல் அங்கேதான் படிக்கப்பட்டது, ஒரு பாக்டீரியாவுடையது. 1998இல் ராக்வில்லில் செலேரா. 2000 ஜூன் 26இல் மனித மரபணு வரைவு தயார் என்று கிளின்டன் வெள்ளை மாளிகையில் அறிவித்தபோது, ஒரு பக்கம் என்.ஐ.எச்சின் பிரான்சிஸ் காலின்ஸ், இன்னொரு பக்கம் செலேராவின் வென்டர். உலகமே பார்த்த அந்தப் போட்டியில் இரண்டு அணியின் தலைமையகமும் இந்த ஒரே கவுண்டி!

இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பெயர்கள் எங்கே? செலேரா கலிபோர்னியாவுக்குப் போனது, 2011இல் ஒரு பரிசோதனைக்கூட கம்பெனி வாங்கிக்கொண்டது. வென்டரின் நிறுவனத்தின் மையமும் கலிபோர்னியா பக்கம் நகர்ந்தது. லூபஸ் நோய்க்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு புதிய மருந்து கண்டுபிடித்த ஹியூமன் ஜீனோம் சயின்ஸஸை 2012இல் பிரிட்டனின் கிளாக்ஸோ வாங்கியது. கெய்தர்ஸ்பர்கின் மெட்இம்யூனை 2007இலேயே அஸ்ட்ராஜெனிகா 15.6 பில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தது. வேலைகள் எல்லாம் போய்விட்டன என்று சொல்ல மாட்டேன், ஆய்வகங்கள் பல இன்றும் இயங்குகின்றன. ஆனால் ஆளை எடுப்பதும் நீக்குவதும் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் முடிவாகிறது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் கொரோனா தடுப்பூசி. மாடர்னா தடுப்பூசியின் மூளை பாதி பெத்தெஸ்டாவில் இருந்தது. கூர்முனைப் புரதத்தை நிலைப்படுத்தும் உத்தியைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியவர்களில் என்.ஐ.எச்சின் பார்னி கிரகாம், கிஸ்மேகியா கார்பெட் குழு முக்கியமானது. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியான சில நாட்களில் வடிவமைப்பு தயார். ஆனால் கம்பெனி மாசசூசெட்ஸில், தொழிற்சாலையும் மாசசூசெட்ஸில். 2023இல் மாடர்னா உரிமத் தொகையாக 400 மில்லியன் டாலர் கொடுத்தது. கொடுத்தது மத்திய அரசுக்கு. மாண்ட்கமரியின் கஜானாவுக்கு அதில் என்ன வந்தது என்று கேட்டால், விஞ்ஞானிகளின் சம்பளத்தில் 3.2 சதவீதம் வந்தது.

ஏன் இப்படி? பாஸ்டனில் ஒரு பேராசிரியர் காலையில் பாடம் நடத்திவிட்டு மதியம் தன் கம்பெனிக்குப் போகலாம், பங்கு வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகமே அதை ஊக்குவிக்கும். பெத்தெஸ்டா விஞ்ஞானி அரசு ஊழியர். மருந்து கம்பெனிகளிடம் ஆலோசகராகப் பணம் வாங்குவது பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, 2005இல் அதற்கு முழுத் தடையே வந்தது. நியாயமான தடைதான், நாமாக இருந்தாலும் அதைத்தான் கேட்போம். ஆனால் அதன் விளைவு, உலகின் மிகப் பெரிய உயிர்மருத்துவ ஆய்வகத்தின் மதில் இரண்டு பக்கமும் இறுகியது. வெளியே போய்க் கம்பெனி தொடங்க வேண்டுமானால் பென்ஷனையும் வேலையையும் விட வேண்டும். எத்தனை பேருக்கு மனசு வரும்? பாதுகாப்பான வேலை அளிக்கும் நிம்மதியே அடுத்த வேலையைப் பிறக்கவிடாமல் தடுக்கிறது. அரசு உத்தியோகத்துக்குப் படிக்கும் கூட்டத்தை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு தகவல். என்.ஐ.எச்சின் வருடாந்திர நிதி 47 பில்லியன் டாலருக்கு மேல். அதில் எண்பது சதவீதத்துக்கும் அதிகம் நாடெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு மானியமாகப் போய்விடுகிறது. சொந்த ஆய்வகங்களில் செலவாவது சுமார் பத்தில் ஒரு பங்கு. பாஸ்டனின் மருத்துவமனைகளை வளர்த்த பணத்துக்கான காசோலை பெத்தெஸ்டாவில்தான் எழுதப்பட்டது. பந்தி பரிமாறுகிறவர் வீட்டில் உலை கொதிக்காத மாதிரி என்று சொன்னால் மிகை, இங்கே உலை நன்றாகவே கொதித்தது. ஆனால் விருந்து வேறு ஊரில்தான் நடந்தது.

2010களில் ஊருக்கு லேசாகப் புரியத் தொடங்கியது. 2013இல் மத்திய அரசின் செலவுகளில் தானாக விழுந்த வெட்டு முதல் எச்சரிக்கை. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் வேலை வளர்ச்சி மந்தமானது. அதற்குள் கவுண்டி தன் கையைத் தானே கட்டிக்கொண்டும் இருந்தது. சொத்து வரி வரம்பைத் தாண்ட வேண்டுமானால் ஒன்பது கவுன்சிலர்களும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும் என்று 2008இல் மக்களே வாக்கெடுப்பில் முடிவு செய்திருந்தார்கள். 2018 ஜனவரியில், சில்வர் ஸ்பிரிங் நகர மையத்துக்கு உயிர் கொடுத்த டிஸ்கவரி சேனல் தன் தலைமையகத்தை நியூயார்க்குக்கு மாற்றுவதாகச் சொன்னது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அதே மாதம் அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கான இருபது இறுதிப் போட்டியாளர்களில் மாண்ட்கமரியையும் சேர்த்தது. மேரிலாந்து சுமார் 8.5 பில்லியன் டாலர் மதிப்பில் சலுகைகளை வாரி வழங்கத் தயாரானது. நவம்பரில் அமேசான் தேர்ந்தெடுத்த இடம் வர்ஜீனியாவின் ஆர்லிங்டன், பென்டகனுக்குப் பக்கத்தில். வர்ஜீனியா கொடுப்பதாகச் சொன்ன சலுகை இதைவிடப் பல மடங்கு குறைவு. பழக்கமில்லாதவன் சந்தைக்குப் போனால் விலையை ஏற்றித்தான் கேட்பான்.

பிறகு 2025. ஜனவரி 20இல் புதிய அரசு பதவியேற்ற அன்றே புதிய ஆட்களை எடுப்பதற்குத் தடை. பிப்ரவரியில், வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக் காலம் முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் நாடெங்கும் நீக்கப்பட்டார்கள். மார்ச் கடைசியில் சுகாதாரத் துறை பத்தாயிரம் பேரை அனுப்பப் போவதாக அறிவித்தது. அதில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏவில் சுமார் 3,500, என்.ஐ.எச்சில் சுமார் 1,200. ஏப்ரல் 1 காலை வழக்கம்போல வேலைக்கு வந்து, வாசலில் அடையாள அட்டை வேலை செய்யாததைப் பார்த்துத்தான் சிலர் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். முட்டாள்கள் தினம் என்று முதலில் நினைத்தவர்கள்கூட இருக்கலாம். நீதிமன்றங்கள் சிலவற்றை நிறுத்தின, சில திரும்பி வந்தன, சில வரவில்லை. மே மாதம், 1973 முதல் மேரிலாந்துக்கு மிக உயர்ந்த கடன் தரத்தைக் கொடுத்து வந்த மூடிஸ் நிறுவனம் அதை ஒரு படி இறக்கியது. சொன்ன காரணங்களில் ஒன்று, மாநிலம் மத்திய அரசை அதிகம் நம்பியிருப்பது. பலம் என்று நேற்றுவரை எழுதியிருந்த வரியையே இன்று பலவீனம் என்ற தலைப்புக்குக் கீழே எழுதினார்கள். அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அரசாங்கம் மூடிக் கிடந்தது, அமெரிக்க வரலாற்றில் அதுவரை அவ்வளவு நீளமாக நடந்ததில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மூடல் முடிந்ததும் அரசு ஊழியருக்குப் பழைய சம்பளம் வந்துவிடும், 2019இல் அதற்குச் சட்டமே போட்டார்கள். அதே கட்டடத்தில் தரை துடைக்கிறவர், கேண்டீனில் சமைக்கிறவர், காவலுக்கு நிற்பவர் ஆகியோர் பெரும்பாலும் ஒப்பந்த கம்பெனியின் ஆட்கள். அவர்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. என்.ஐ.எச் ஆய்வகங்களில் விசாவில் வந்து வேலை செய்யும் இளம் ஆய்வாளர்களும், நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு, கணக்குப்படி ஊழியர்களே அல்ல, பயிற்சி பெறுபவர்கள். 'அரண்மனை உத்தியோகம்' என்ற சொல்லுக்குள் அரண்மனை வாசல் கூட்டுகிறவர் எப்போதுமே வந்ததில்லை.

எண்பது வருஷமாக மாண்ட்கமரியின் வேலைகளைத் தீர்மானித்தவர்கள் யாரென்று பார்த்தால், ரூஸ்வெல்டின் ரசனை, குண்டு பற்றிய பயம், நாடாளுமன்றத்தின் நிதி ஒதுக்கீடு என்று எல்லாமே கவுண்டிக்கு வெளியே இருந்தவை. வரும்போது நல்லது என்று ஊர் கை கட்டி வாங்கிக்கொண்டது. போகும்போது தடுக்கும் கை அதனிடம் இல்லை. பத்து லட்சம் பேரின் வாக்கும் பெரும்பாலும் ஒரே கட்சிக்குத்தான். வெள்ளை மாளிகையில் மற்றக் கட்சிக்காரர் இருந்தால் அவருக்கு இந்த ஊரிடம் இழக்க எதுவும் இல்லை.

இனி என்ன என்று கேட்டால், இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. கெய்தர்ஸ்பர்கின் நோவாவாக்ஸ் 2020இல் தடுப்பூசிக்காக அரசிடமிருந்து 1.6 பில்லியன் டாலர் பெற்று வீங்கியது, 2023இல் ஊழியர்களில் கால்வாசிப் பேரைக் குறைத்தது. இன்னொரு பக்கம் அஸ்ட்ராஜெனிகா ராக்வில்லில் செல் சிகிச்சைக்காக 300 மில்லியன் டாலரில் உற்பத்திக் கூடம் கட்டியது. 2017இல் வேலை தொடங்கிய பர்ப்பிள் லைன் ரயில், பெத்தெஸ்டாவிலிருந்து வாஷிங்டனுக்குள் போகாமல், புறநகர்களையே ஒன்றோடொன்று இணைத்துக் கிழக்கே போகப் போகிறது. தலைநகரைத் தொடாத ரயில் பாதை, இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அரசிலிருந்து வெளியேற்றப்பட்ட விஞ்ஞானிகள் இப்போது, தாங்கள் கேட்காமலே, அந்த மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள். பென்ஷனை விட மனசு வருமா என்ற கேள்வி அவர்களுக்கு இனி இல்லை. அவர்களில் எத்தனை பேர் ராக்வில்லில் வாடகைக்கு ஆய்வகம் பிடிப்பார்கள், எத்தனை பேர் வீட்டை விற்றுவிட்டு பாஸ்டனுக்கோ ஐரோப்பாவுக்கோ போவார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த இருபது வருஷம்.

சில்வர் ஸ்பிரிங்குக்கு வடக்கே ஒயிட் ஓக் என்ற இடத்தில் 1940களில் கடற்படையின் வெடிபொருள் ஆய்வகம் வந்தது. பல ஆயிரம் பேர் வேலை பார்த்த வளாகம். பனிப்போர் முடிந்ததும் மூடினார்கள், 1997இல் கடைசிக் கதவும் சாத்தப்பட்டது. ஆறு வருஷம் கழித்து 2003இல் எஃப்.டி.ஏவின் முதல் புதிய கட்டடம் அங்கே திறந்தது. பழைய ஆய்வகத்தின் முகப்பை இடிக்காமல் வைத்து, அதையே புதிய அலுவலகத்தின் தலைவாசலாக்கினார்கள். 2025 ஏப்ரலில் வேலை போனவர்கள் அந்த வளாகத்திலிருந்துதான் அட்டைப் பெட்டிகளில் தங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.